ஜாக்கி வைத்த இடம்

மெதுவாகப் போங்கள் சார். இரண்டாவது கியர் போதும். ஏசியை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்குங்கள், சத்தம் கேட்க வேண்டும். அதோ, பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வேகத்தடை. நேராக ஏற்றாதீர்கள். சாய்த்து, ஒரு சக்கரம் முதலில் ஏறுகிற மாதிரி. அப்படித்தான். ஏதாவது கேட்டதா? கேட்காது. காலையில் நீங்கள் என் ஷெட்டுக்குள் வரும்போது வாசல் சாக்கடைக் கல் மேல் ஏறி இறங்கினீர்களே, அப்போது இடது பக்கம் டக்கு டக்கு என்று இரண்டு தட்டு. நான் உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்தேன், வண்டியைப் பார்க்கக்கூட இல்லை. சக்கரத்தைத் தாங்குகிற லோயர் ஆர்மும் போச்சு, அதன் முனையில் இருக்கிற பால் ஜாயின்ட்டும் போச்சு என்று டம்ளரிடம் சொன்னேன்.

வேலை முடிந்ததும் கூட உட்கார்ந்து ஒரு நடை போய்ப் பார்த்துத்தான் வண்டியை ஒப்படைப்பது என் பழக்கம். ஓட்டுவது வண்டிக்காரர், கேட்பது நான். வாய்க்கால் பாலம் வரை போவோம். அதற்கு மேல் வேண்டாம்.

என் மடியில் இருப்பதா? ஒன்றுமில்லை சார். பழைய இரும்பு. எங்கேயாவது போட்டுவிடலாம் என்று எடுத்து வந்தேன். உங்கள் சாமான் இல்லை அது. உங்களுடையது பின் சீட்டில் இருக்கிறது, புதுசு வந்த அட்டைப் பெட்டியிலேயே வைத்துக் கட்டியிருக்கிறேன். கழற்றிய சாமானை வண்டிக்காரர் கையில் கொடுத்துவிட வேண்டும், அது முறை. வீட்டுக்குக் கொண்டுபோங்கள், யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள். வலது பக்கத்து ஆர்ம் இன்னும் கொஞ்ச காலம் ஓடும் என்று நான் முதலிலேயே சொன்னேனா இல்லையா? சொன்னேன். நீங்களாகத்தான் இரண்டையும் மாற்று என்றீர்கள். நாளைக்கு டீக்கடையில் நின்றுகொண்டு வேறு மாதிரிப் பேசக் கூடாது. கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களைச் சொல்லவில்லை.

யார் அனுப்பினார்கள் என்று கேட்டபோது, கிழக்கே பெட்ரோல் பங்க்கில் காற்று பிடிக்கிறவர் என்றீர்கள். அவன் பெயர் சுருளி. என்ன சொன்னான்? அவன் சொன்னதை அப்படியே சொல்லுங்கள்.

"முன் டயர் உள்பக்கமா தேஞ்சிருக்கு. கீழ ஏதோ தளர்ந்திருக்கு. தவசி மாமாகிட்டப் போங்க. அவர் பாத்தாப் பாத்ததுதான்."

பாத்தாப் பாத்ததுதான். ம். இந்த மாதத்தில் அவன் அனுப்பி வந்த ஆறாவது வண்டி உங்களுடையது. அந்த ஆள் என் விரோதி சார். சிரிக்காதீர்கள். பத்து வருஷமாக நானும் அவனும் பேச்சுவார்த்தை இல்லை. அவன் பேசுவான், நான் பேச மாட்டேன். டீசல் வாங்கக்கூட அந்தப் பங்க்குக்கு நான் போவதில்லை. என் வண்டிக்குக் காற்று இறங்கினால் உத்தமபாளையம் போய்ப் பிடித்துக்கொண்டு வருவேன்.

என்ன விரோதமா? கேளுங்கள். நீங்கள் படித்தவர், நியாயம் சொல்லுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு சரி.

சுருளி அப்போது இந்தக் கம்பம் ஊரில் நம்பர் ஒன் டிரைவர். சொந்த வண்டி, எட்டுப் பேர் உட்காரும் டீசல் வண்டி, இதே ரகம்தான். குமுளி மலைப்பாதையில் முப்பது வருஷம் ஏறி இறங்கினவன். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றுவான், சபரிமலை சீசனில் கண் மூட மாட்டான். ஒரு கீறல் கிடையாது. மலையில் எதிரே பஸ் வந்தால் அந்த பஸ் டிரைவரே இவனைப் பார்த்து ஒதுங்குவான். அவனுக்கு நான் மாமா, எனக்கு அவன் மாப்பிள்ளை. சொந்தம் இல்லை, வாய் முறைதான். அவன் வண்டிக்கு என் கை தவிர வேறு கை படாது.

ஒரு தடவை அவனுக்கு முன்பக்கம் இரண்டு ஆர்மும் மாற்றினேன். ஒரு பக்கம் போயிருந்தது. மறுபக்கம்... மறுபக்கம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கழற்றினது கழற்றினபடி இரண்டையும் சேர்த்து மாற்றுவதுதான் வண்டிக்கு நல்லது. அதை அவனிடம் சொன்னேனா? சொல்லியிருப்பேன். ரெண்டும் போச்சு என்றுதான் நான் சொன்னதாக அவன் சொல்கிறான். இருக்கலாம். வேலை நெருக்கடியில் ஒவ்வொன்றையும் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா?

அவன் என்ன செய்தான் தெரியுமா? நான் பெட்டியில் கட்டிக் கொடுத்த பழைய சாமானை ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு மெக்கானிக்கிடம் காட்டியிருக்கிறான். அந்த மெக்கானிக் ஆட்டிப் பார்த்து, இதை ஏனய்யா கழற்றினாய் என்றிருக்கிறான். சரி, என்னிடம் வந்து கேட்க வேண்டியதுதானே? டாக்ஸி ஸ்டாண்டு பக்கத்தில் பாக்கியம் டீக்கடை. அங்கே நின்று அத்தனை டிரைவர்களுக்கும் நடுவில் சொல்கிறான்:

"எங்க தவசி மாமா கைராசி அப்படிய்யா. நல்ல சாமானையும் ஒரு தடவ தடவுனாருன்னா அது கெட்டுப்போயிரும்."

நான் அங்கே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன் சார்! தூணுக்கு அந்தப் பக்கம். அவன் பார்க்கவில்லை. சிரித்தவர்கள் ஏழு பேர். டீ ஆற்றிக்கொண்டிருந்த பாக்கியத்தோடு எட்டு. என்னைப் பார்த்ததும் அவனுக்கு முகம் செத்துவிட்டது. "மாமா, சும்மா வெளாட்டுக்குச் சொன்னேன் மாமா" என்று ஓடி வந்தான். நான் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். அன்றோடு சரி.

இதுதான் பாலம். திருப்புங்கள். அகலமாகத் திருப்பலாம், பயமில்லை. ஸ்டியரிங்கைப் பூட்டு வரை, அதற்கு மேல் திரும்பாத மட்டும், ஒடித்துப் பாருங்கள். சத்தம் இருக்கிறதா? இல்லை. நல்லது.

எட்டு மாதம் அவன் என் ஷெட் பக்கம் வரவில்லை. வந்தது ஒரு பங்குனி மாதம், காலை பத்து மணி. சாக்கடைக் கல் மேல் வண்டி ஏறியது. டக்கு டக்கு. நான் படுத்து வேறொரு வண்டிக்குக் கீழே வேலை செய்துகொண்டிருந்தேன். எழுந்திருக்காமலே தெரிந்துவிட்டது. வலது பக்கம் பால் ஜாயின்ட். அதற்கு மேல் தாங்காது.

முன் சீட்டில் அவன் சம்சாரம் அன்னக்கொடி. குமுளியில் தங்கச்சி வீட்டில் விசேஷம், இரண்டு பேரும் போகிறார்கள். அவன் இறங்கி வந்து நின்றான்.

"மாமா, கோவம் இருந்தா வச்சுக்க. வண்டிய மட்டும் பாத்துச் சொல்லு. கீழ தட்டுது. மலைக்குப் போகணும்."

நான் ஜாக்கியை எடுத்துக்கொண்டு போனேன்.

இங்கேதான் சார் ஒரு விஷயம் உங்களுக்குத் தெரிய வேண்டும். காலையில் உங்கள் வண்டியை எப்படித் தூக்கினேன்? லோயர் ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்தேன். ஏன்? இந்த ரக வண்டிக்கு ஸ்பிரிங் அந்த ஆர்ம் மேலேதான் உட்கார்ந்திருக்கும். ஆர்மைத் தூக்கினால் ஸ்பிரிங் பாரம் ஜாக்கி மேல் வந்துவிடும், ஜாயின்ட் தளரும், சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் தேய்மானம் அத்தனையும் கைக்குத் தெரியும். உங்களையே குனிய வைத்து ஆட்டச் சொன்னேனே, எப்படி ஆடியது? பல் விழப்போகிற மாதிரி. அதே ஜாக்கியை ஆர்முக்கு வைக்காமல் நடுச் சேஸிஸுக்கு, வண்டியின் அடிச்சட்டத்துக்கு, வைத்துத் தூக்கினால், சக்கரம் தொங்கும், ஸ்பிரிங் ஆர்மைக் கீழே தள்ளி ஜாயின்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு தேய்ந்த ஜாயின்ட்டாக இருந்தாலும் கல் மாதிரி நிற்கும். ஆட்டினால் ஆடாது.

நான் சேஸிஸுக்கு வைத்தேன்.

தூக்கினேன். ஆட்டினேன். அவனைக் கூப்பிட்டேன். "நீயே ஆட்டிப் பாரு" என்றேன். எட்டு மாதத்தில் அவனிடம் நான் பேசிய முதல் பேச்சு. அவன் குனிந்து ஆட்டினான். மேலும் கீழும், பக்கவாட்டில். டிரைவருக்கு ஓட்டத் தெரியும், ஜாக்கி வைக்கிற இடத்தின் சூட்சுமம் தெரியாது.

"ஆடலையே மாமா."

"ஆடலல்ல? பெறகு நான் என்னத்தச் சொல்ல? மாத்துன்னு சொன்னா, நல்ல சாமானத் தடவிக் கெடுத்துட்டேன்னு சொல்லுவ."

அவன் தலை குனிந்துகொண்டான். "அத விடு மாமா. அப்பப் போலாமா?"

"ஒங்கண்ணால பாத்துட்டல்ல" என்றேன்.

கவனியுங்கள் சார். நான் 'போ' என்று சொல்லவில்லை. 'நன்றாக இருக்கிறது' என்றும் சொல்லவில்லை. அவன் ஆட்டினான், அவன் பார்த்தான், அவனே சொன்னான் ஆடவில்லை என்று. என் வாயிலிருந்து ஒரு பொய் வந்ததா? வரவில்லை. இதை நான் ஆயிரம் தடவை யோசித்துவிட்டேன். அன்றைக்கு என் வாயில் பொய் இல்லை.

என்ன நினைத்து அப்படிச் செய்தேனா? அவனுக்கு ஒன்று ஆக வேண்டும் என்று நினைக்கவில்லை, எங்கள் குலசாமி மேல் ஆணை. மலையில் போகப் போகச் சத்தம் கூடும், பயந்து திரும்பி வருவான், அந்த டீக்கடையில் ஏழு பேரையும் வைத்துக்கொண்டு 'மாமா, நான் பேசினது தப்பு, நீ வந்து வண்டியப் பாரு' என்பான். அவ்வளவுதான் நினைத்தேன். நாலு நாள் என்று கணக்குப் போட்டேன். ஜாயின்ட் நாலு நாள் தாங்கும் என்று.

புறப்படும்போது அன்னக்கொடி கண்ணாடியை இறக்கி ஒரு கொத்துத் திராட்சையை நீட்டினாள். தங்கச்சி வீட்டுக்குக் கொண்டுபோகிற பையிலிருந்து எடுத்தது. "அண்ணே, ரெண்டு பேரும் பேசாம இருக்கிறது நல்லாவா இருக்கு? இதத் தின்னுட்டுக் கோவத்த விடுங்க" என்றாள். வாங்கிக்கொண்டேன். வண்டி சாக்கடைக் கல் மேல் இறங்கிப் போனது. டக்கு டக்கு. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்று கொத்து முழுவதையும் தின்றேன் சார்.

நாலு நாள் தாங்கவில்லை. மறுநாள் மத்தியானம் இறங்கி வரும்போது, மூன்றாவது வளைவில் வலது முன் சக்கரம் மடங்கிவிட்டது. வண்டி கைப்பிடிச் சுவரில் போய் இடித்து நின்றது. சுவர் மட்டும் இல்லையென்றால்... சரி, சுவர் இருந்தது. அவனுக்கு இடுப்பு எலும்பு. அன்னக்கொடிக்கு இடது தோள். எலும்பு கூடிவிட்டது, ஆனால் இன்றைக்கும் அந்தக் கை தோளுக்கு மேலே எழும்பாது. தலை பின்ன முடியாது. சுருளிதான் பின்னிவிடுகிறான் என்று சொல்வார்கள். நான் பார்த்ததில்லை.

வண்டியைக் கட்டி இழுத்து என் ஷெட்டுக்குத்தான் கொண்டுவந்தார்கள். வேறு எங்கே கொண்டுபோவார்கள்? கழற்றினேன். பால் ஜாயின்ட்டின் உருண்டை, கிண்ணத்தை விட்டு வெளியே வந்திருந்தது. கிண்ணத்துக்குள் ஒரு பக்கம் தேய்ந்து தேய்ந்து பள்ளம். பார்த்தவர்கள் எல்லாரும், சுவரில் மோதின மோதலில் கழன்றுவிட்டது என்றார்கள். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஊருக்குள் பேச்சு வேறு மாதிரி. விசேஷ வீட்டில் கண் விழித்திருப்பான், இறக்கத்தில் தூங்கிவிட்டான் என்று பேசினார்கள்.

ஆறாவது நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகாமல் இருக்க முடியுமா? விரோதம் வேறு, ஆஸ்பத்திரி வேறு. அவன் படுத்திருந்தான். பக்கத்தில் தோளில் கட்டோடு அவள். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"மாமா, நீ கழட்டிப் பாத்திருப்பல்ல. அது முன்னாடியே கழண்டுச்சா, மோதின பெறகு கழண்டுச்சா?"

சார், அந்த வேகத்தடை... மெதுவாக.

"மோதின பெறகுதான்" என்றேன்.

ஆமாம். அது பொய். ஒன்றே ஒன்று. அன்றைக்குச் சொன்னது.

அவன் கையை விட்டுவிட்டான். "அப்ப நாந்தான் கண் அசந்துட்டேன்" என்றான்.

அன்னக்கொடி சொன்னாள், "இல்லங்க. நீங்க எங்கிட்டப் பேசிக்கிட்டுத்தான வந்தீங்க. தங்கச்சி மகளுக்கு மாப்பிள்ள பாக்கணும்னு சொல்லிக்கிட்டு வந்தீங்களே."

"நீ சும்மா இரு. எனக்காகச் சொல்லாத. சாமான்ல தப்பில்லன்னு மாமாவே சொல்லுதாரு. முப்பது வருஷம் ஓட்டுன திமிரு, அசந்துட்டேன்."

அவ்வளவுதான். எழுந்து நடக்க ஆரம்பித்ததும் வண்டியை விற்றான். அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. ஒன்பது வருஷம். பங்க்கில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, வருகிற வண்டிக்கெல்லாம் காற்றுப் பிடிக்கிறான். இடுப்பு ஒரு பக்கம் இழுக்கும், ஒவ்வொரு சக்கரத்துக்கும் குனிந்து எழுந்திருக்கிறான். பிடிக்கும்போது டயரைப் பார்க்கிறான். உள்பக்கம் தேய்ந்திருந்தால் என்னிடம் அனுப்புகிறான். என்ன சொல்லி அனுப்புகிறான் தெரியுமல்லவா? நீங்களே கேட்டீர்கள். "என் வண்டி நல்லாருக்குன்னு சொன்னாரு, நல்லாத்தான் இருந்துச்சு. நாந்தான் தூங்கிட்டேன்" என்று வருகிறவர்களிடம் சொல்லியும் இருக்கிறான். டீக்கடையில் சொன்னதுக்குப் பரிகாரம் பண்ணுகிறானாம்!

எனக்கு எப்படி இருக்கும்? அவன் என்னைத் திட்டிக்கொண்டு திரிந்திருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன் சார். நல்லவன் நல்லவன் என்று சொல்லி ஆளை அனுப்பி அனுப்பி என்னைக் கொல்கிறான். வேண்டுமென்றே செய்கிறானோ என்றுகூடச் சில நாள் தோன்றும். இல்லை, அவனுக்கு அந்த அளவுக்குச் சூது கிடையாது. நான் போய்ச் சொல்லியிருக்கலாம். எப்படிப் போவது? முதலில் அவன் அந்தப் பேச்சை, அந்த ஏழு பேர் முன்னால்... ஏழு பேரில் மூன்று பேர் இப்போது இல்லை. பாக்கியமும் கடையை மூடிவிட்டாள். பிறகு யார் முன்னால் அந்தப் பேச்சைத் திரும்ப வாங்குவான்? அவன் வாங்காமல் நான் எப்படிப் போவது?

சார், இதுதான் என் ஷெட். கடந்துவிட்டீர்களே. நிறுத்துங்கள்.

என்ன? காற்றுச் சரிபார்க்கணுமா? வேலை முடிந்ததும் வந்து காட்டச் சொன்னானா? நீங்கள் தனியாகப் போய்க் காட்டுங்கள், என்னை இங்கே இறக்கிவிடுங்கள். நான் அந்தப் பக்கம் வருவதில்லை என்று சொன்னேன் அல்லவா.

சார்.

நிறுத்தாமலே ஓட்டுகிறீர்களே, இது நியாயமில்லை. ஒருத்தனிடம் கதை கேட்டுவிட்டு இப்படிச் செய்யக் கூடாது.

ஆமாம். அதுதான். மடியில் இருப்பது சுருளி வண்டியில் கழற்றிய அந்த ஜாயின்ட்தான். நீங்கள் முதலிலேயே கண்டுபிடித்துவிட்டீர்களா? பழைய சாமானை வண்டிக்காரன் கையில் கொடுப்பது முறை என்று நானே சொன்னேன், அதைப் பிடித்துக்கொண்டீர்களா? இந்த ஒன்றைத்தான் நான் கொடுக்கவில்லை. அவனும் கேட்கவில்லை. கிரீஸ் டப்பாவுக்குப் பின்னால் எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருந்தேன். துருப்பிடித்தால் பள்ளம் எது, துரு எது என்று தெரியாமல் போய்விடும். வருஷத்துக்கு இரண்டு தடவை துணி மாற்றுவேன். சுருளி அனுப்பினான் என்று யாராவது வந்தால், ஓட்டிப் பார்க்கப் போகும்போது இதை மடியில் எடுத்து வைத்துக்கொள்வேன். இன்றைக்குக் கொடுத்துவிடலாம், இன்றைக்குக் கொடுத்துவிடலாம் என்று. ஆனால் மேற்கேதான் போகச் சொல்வேன். திரும்பி வந்து ஷெட்டில் இறங்கி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிடுவேன்.

நீங்கள் கொடுத்துவிடுகிறீர்களா? நான் வண்டியிலேயே உட்கார்ந்திருக்கிறேன். ஒன்றும் சொல்ல வேண்டாம், கையில் கொடுத்தால் போதும். இல்லையா? சரி. சரி, விடுங்கள்.

காற்றுப் பிடிக்கிற இடத்துக்கு நேராக நிறுத்தாதீர்கள். கொஞ்சம் தள்ளி, அந்த நிழலில். அதோ எழுந்திருக்கிறான். எப்படி எழுந்திருக்கிறான் பாருங்கள், நாற்காலிக் கையைப் பிடித்து, ஒரு பக்கமாக. அவன் முதலில் ஆளைப் பார்க்க மாட்டான், டயரைத்தான் பார்ப்பான். குனிந்துவிட்டான். விரலை உள்ளே விட்டுத் தடவுகிறான்.

"மாத்தியாச்சா சார்? யாரு மாமாவா பாத்தாரு? பெறகென்ன, இனி மலைக்கே போலாம்..."

இன்னும் நிமிரவில்லை. நிமிர்ந்தால் என்னைப் பார்த்துவிடுவான். சார், இந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும்? இரண்டு கையிலும் இது இருக்கிறது, நீங்கள் திறந்துவிடுங்கள்.

மாப்ள.

நாந்தான். எந்திரிக்காத, அப்படியே இரு, நானே குனியுறேன். டீக்கடைப் பேச்சு பேச வரல. அது இருக்கட்டும், அது வேற. கையக் கொண்டா. இந்தத் துணியப் பிரி. இது ஒன்னோட சாமான், நாந்தான் குடுக்காம வச்சிருந்தேன். கிண்ணத்துக்குள்ள வெரல விடு. இன்னும் உள்ள. பள்ளம் தட்டுப்படுதா? சுவத்துல மோதுனா அப்படிப் பள்ளம் விழுகாது மாப்ள. அது மாசக்கணக்காத் தேஞ்சது. அன்னைக்கு நான் ஜாக்கிய ஆர்முக்கு வைக்கல. சேஸிஸுக்கு வச்சேன். தெரிஞ்சேதான் வச்சேன்.

அன்னக்கொடி சொன்னதுதான் நெசம். நீ தூங்கல.